புராசசரை மாற்றுவதற்கு முன் தூசியைத் தட்டுங்கள்

"அப்பா, இது செத்துப்போச்சு. புதுசு வாங்கிடலாம்."

பிப்ரவரி மாதம், சனிக்கிழமை மதியம். ஆக்லாந்தில் கோடை முடிகிற நேரம். ஏசி இல்லாத எங்கள் வீட்டில், மேற்கு பார்த்த அறையில் பையனின் கேமிங் லேப்டாப் ஹேர் டிரையர் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. கீபோர்டில் கை வைத்தால் தோசைக்கல். கேம் இரண்டு நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு ஸ்லைடு ஷோ மாதிரி விட்டு விட்டு வரும். 2014-ல் சென்னையில் நான் எனக்காக வாங்கிய மெஷின் அது. எங்களோடு விமானம் ஏறி மாசிக்கு வந்தது. (ஊரில் கேட்பவர்களுக்கு: மாசி யுனிவர்சிட்டி இங்கே இல்லை, அதன் ஆக்லாந்து வளாகம் இருப்பது ஆல்பனியில். மாசி மாசத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் கிடையாது.)

மாலையில் ஒரு கடைக்குப் போனோம். புதிய கேமிங் லேப்டாப் ஏறக்குறைய 2,400 டாலர். பழையதைச் சரி பண்ண முடியுமா என்று கேட்டேன். திறந்து பார்க்கவே தனிக் கட்டணம் என்றார்கள். "லேப்டாப்ல புராசசரையெல்லாம் மாத்த முடியாது சார், அது போர்டோட ஒட்டினது" என்றார் கவுன்ட்டரில் இருந்த இளைஞர். நல்ல பையன், நம்ம ஊர்ப் பையன்தான். அவர் சொன்னது இன்றைய லேப்டாப்புகளுக்குச் சரி. என்னுடையதற்குச் சரியில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தச் சந்தேகம் எங்கே கொண்டு விட்டது என்பதையும், அதிலிருந்து நம் மாதிரி வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு விஷயத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாம் புதுசு வாங்குவது பெரும்பாலும் வேகத்துக்காக அல்ல. திறந்து பார்க்க மறந்துவிட்டதால்தான் வாங்குகிறோம்.

முதலில் அந்த "ஒட்டினது" சமாச்சாரம். 2013, 2014 வாக்கில் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை வரை, லேப்டாப் புராசசர்களில் ஒரு பகுதி சாக்கெட்டில் உட்காரும் வகை. ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தால் தெரியும். எம், எம்க்யூ, எம்எக்ஸ் என்று முடிந்தால் சாக்கெட். ஹெச்க்யூ, யூ என்று முடிந்தால் மதர்போர்டில் பற்றவைத்தது. ஐ7-4700எம்க்யூ, ஐ7-4700ஹெச்க்யூ என்ற இரண்டும் வேலையில் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் ஒன்றைக் கழற்றலாம், இன்னொன்றைக் கழற்ற முடியாது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து சாக்கெட் லேப்டாப்பை விட்டே போய்விட்டது. டெஸ்க்டாப் புராசசரைத் தூக்கி வைத்த சில கனமான மாடல்கள் மட்டும் விதிவிலக்கு.

என்னுடையது ஐ5-4200எம். இரண்டு கோர், 37 வாட். அதே மாடலை ஐ7-4700எம்க்யூ போட்டும் விற்றிருந்தார்கள் என்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். நான்கு கோர், 47 வாட். இது முக்கியம். சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பயோஸ் அந்தப் புராசசரை அடையாளம் காண வேண்டும், சார்ஜரும் அந்தக் கூடுதல் கரண்டைத் தர வேண்டும். கம்பெனியே அப்படி விற்றிருந்தால் இரண்டுக்கும் பயமில்லை.

புராசசருக்கு எங்கே போவது? என் மச்சான் சென்னையில் இருக்கிறான். அவனிடம் சொன்னேன், அவன் ரிச்சி ஸ்ட்ரீட் போனான்.

ரிச்சி ஸ்ட்ரீட் தெரியாத தலைமுறைக்கு: அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், நரசிங்கபுரம், மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று பின்னிக்கிடக்கும் சந்துகள். ரேடியோ உதிரி பாகங்கள் விற்கத் தொடங்கிய தெரு, பிறகு டிவி, கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்தோடு மாறிக்கொண்டே வந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல், ஒரு லென்ஸ் விளக்கு, ஒரு ஹாட் ஏர் மெஷின், இவ்வளவுதான் சில கடைகளின் முதலீடு. "சிப் லெவல் சர்வீஸ்" என்று போர்டு தொங்கும். பற்றவைத்த சிப்பைச் சூடு காட்டி எடுத்து, அடியில் கடுகை விடச் சின்ன ஈய உருண்டைகளைப் புதிதாக வரிசையாக வைத்து மறுபடி ஒட்டுகிற வேலையை, டீ குடித்துக்கொண்டே செய்கிற ஆட்கள் அங்கே உண்டு. மச்சான் அந்தச் சந்தில் பழைய ஐ7 ஒன்றை வாங்கினான். மே மாதம் அம்மா இங்கே வந்தபோது ஹேண்ட்பேக்கில், பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவில் அது வந்தது.

ஏர்போர்ட்டில் அதிகாரி சாம்பார் பொடி, அப்பளம், முறுக்கு டப்பா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாப்பாட்டுச் சாமானைப் படிவத்தில் சொல்லாமல் கொண்டுவந்தால் 400 டாலர் அபராதம் என்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடச் சொல்லியிருந்தேன். மாத்திரை டப்பாவை அவர் திறக்கவே இல்லை. "எதுக்குடா இந்தத் தகடு? தாலிச்சரடு மாதிரி பத்திரமா கொண்டாரச் சொன்னான் உன் மச்சான்" என்றார் அம்மா.

திறந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு பின் வளைந்திருந்தது. தொள்ளாயிரத்துச் சொச்சம் பின் இருக்கிற இடத்தில் ஒன்று. பையன் "போச்சு" என்று நெற்றியில் கை வைத்தான். லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனையை அந்தப் பின்னில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். வேலை செய்தது. பதினைந்து வயதுப் பையன் அப்பாவைப் பார்த்து வியப்பது அபூர்வம், அதனால் இதைப் பதிவு செய்து வைக்கிறேன்.

அப்புறம்தான் கதை திரும்புகிறது. புது புராசசரை உட்கார வைத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவி, மூடி ஆன் பண்ணினோம். விண்டோஸ் ஐ7 என்று காட்டியது. இரண்டு பேரும் கைதட்டினோம். கேமைப் போட்டான். மூன்று நிமிஷத்தில் 98 டிகிரி. பழையதை விட மோசமாக இழுத்தது.

காரணம் சிக்கலானது இல்லை. இந்தப் புராசசரின் உச்சவரம்பு 100 டிகிரி. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் நாற்று நடுகிற ஆள் வரப்பு நிழலுக்கு ஒதுங்குவது போலத்தான். சோம்பேறித்தனம் இல்லை, உயிர் பிழைக்கிற வழி. நான் செய்தது என்ன? அதே வெயில், அதே வரப்பு, இன்னும் வேகமாக நடுகிற ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். 37 வாட்டுக்கே திணறிக்கொண்டிருந்த குளிரூட்டும் அமைப்பின் தலையில் 47 வாட்டை ஏற்றினேன். அவ்வளவுதான் என் மேம்பாடு!

மறுநாள் ஃபேனையே கழற்றினோம். ஃபேனுக்கும், சூட்டை வெளியே தள்ளுகிற செம்புத் தகடுகளுக்கும் இடையில் ஒரு துணி இருந்தது. துணி என்றுதான் முதலில் நினைத்தேன். பதினோரு வருஷத் தூசி, கார்பெட் நூல், தலைமுடி எல்லாம் சேர்ந்து அழுத்தி நெய்த ஒரு பட்டை. வெளியே இருந்து காற்றடித்தால் போகாது, ஃபேனின் மூடியைத் திறந்தால்தான் கண்ணுக்கே தெரியும். கார்பெட் போட்ட இந்த ஊர் வீடுகளில், மெத்தையில் வைத்து, போர்வை மேல் வைத்து லேப்டாப் ஓட்டும் நம் பிள்ளைகளின் மெஷின்களில் பெரும்பாலும் இந்தப் பட்டை இருக்கும்.

அதை எடுத்தோம். அதே கேமில் 84 டிகிரி. வோல்டேஜை ஒரு 50 மில்லிவோல்ட் குறைத்ததும் இன்னும் ஐந்து டிகிரி இறங்கியது. பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக்கொடுத்து அடியில் காற்று போக வழி செய்ததில் இன்னும் மூன்று நாலு. பாட்டில் மூடிக்குச் செலவு பூஜ்யம்.

பையன் அப்போது ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, அப்படின்னா சரியானது புராசசராலயா, தூசி எடுத்ததாலயா?"

எனக்குச் சுருக்கென்றது. கண்டுபிடிக்க ஒரே வழி பழைய ஐ5-ஐத் திரும்பப் போடுவது. போட்டோம். சுத்தமான ஃபேனோடு அது 72 டிகிரியில் அமைதியாக ஓடியது. கேம் மட்டும் ஓடும்போது வித்தியாசம் கொஞ்சம்தான். டிஸ்கார்ட், பிரௌசர், கேம் என்று எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஐ7 கை கொடுத்தது. ஆக, நான் மூன்று மாதம் அலைந்து, மச்சானை அலையவிட்டு, அம்மாவின் ஹேண்ட்பேக்கில் கடத்திக்கொண்டு வந்ததில் கிடைத்த லாபத்தை விட, ஒரு பெயின்ட் பிரஷ்ஷிலும் அரை மணி நேரத்திலும் கிடைத்த லாபம் பெரிது.

இதனால்தான் சொல்கிறேன், லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றால் முதலில் சூட்டைப் பாருங்கள். எவ்வளவு டிகிரி என்று காட்டும் இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. கேம் ஓடும்போது 95-ஐத் தொட்டு, வேகம் பாதியாக விழுந்தால் அது வயசுக் கோளாறு இல்லை, மூச்சுத் திணறல். ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். பேஸ்டை மாற்றுங்கள், சில வருஷத்தில் அது காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பேஸ்டுக்குப் பதில் சூட்டில் இளகி இடுக்கை நிரப்பும் ஒரு வகைத் தகடும் இப்போது கிடைக்கிறது. ஹனிவெல்லின் பிடிஎம்7950 அந்த வகை. லேப்டாப்புக்கு அது நன்றாக ஒத்துவருகிறது. லிக்விட் மெட்டல் என்று சிலர் சொல்வார்கள், வீட்டில் வேண்டாம். அது காலியம் கலந்தது, அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு சொட்டு வழிந்தால் போர்டே ஷார்ட் ஆகும். கடைசியாக, ஏற்கெனவே அடிப்பக்கம் உப்பியிருந்தால், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால், தொடவே தொடாதீர்கள். அது பேட்டரி வீங்கியது. அதற்கு ஆள் வேண்டும். வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியே தீப்பிடிக்கும்.

இனி நான் எதிர்ப்பக்கமும் பேச வேண்டும். புராசசரைப் பற்றவைப்பதில் கம்பெனிகளுக்கு நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். சாக்கெட் வைத்தால் லேப்டாப் தடிக்கும். நமக்கும் மெலிசாகத்தான் வேண்டும், கடையில் நாமே எடை பார்த்துத் தூக்கிப் பார்க்கிறோம். இன்றைய புராசசர்கள் ஒரு வாட்டுக்குச் செய்கிற வேலை என் ஐ7 செய்வதை விடப் பல மடங்கு. சாக்கெட் இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. டெல் 2019-ல் ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற கேமிங் லேப்டாப்பை, டெஸ்க்டாப் புராசசரைப் போட்டு, மேம்படுத்தலாம் என்று விளம்பரம் செய்து கொண்டுவந்தது. அடுத்த தலைமுறை இன்டெல் புராசசர் வேறு சாக்கெட்டுக்கு மாறியதும் அது இதில் உட்காரவில்லை. 2021-ல் அமெரிக்காவில் வாடிக்கையாளர் ஒருவர் வழக்கே போட்டார். இதற்கு மாறாக, 2021-லிருந்து ஃபிரேம்ஒர்க் என்ற கம்பெனி வேறு வழியில் போகிறது. புராசசர் பற்றவைத்ததுதான், ஆனால் மதர்போர்டையே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி அடுத்த தலைமுறை போர்டைப் போட்டுக்கொள்ளலாம். திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் பழையதே. அவர்களுடைய 16 அங்குல மாடலில் கிராபிக்ஸ் கார்டையும் மாற்றலாம். ஆக, முடியாது என்பதில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். திறக்க முடிகிறதையும் திறக்காதபடி செய்கிற இடத்தில். வோல்டேஜைக் குறைத்து ஐந்து டிகிரி இறக்கினேன் என்றேனே, 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்புக் குறை வெளியானதும், அந்த வசதியையே பல லேப்டாப்புகளில் பயோஸ் வழியாகப் பூட்டிவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம் நிஜம். ஆனால் சொந்தக்காரருக்கு ஒரு சாவி வைத்திருக்கலாம். அதை விடப் பெரிய பூட்டு மென்பொருளில். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. என்னுடையது நான்காம் தலைமுறை. 80 டிகிரியில் ஜம்மென்று ஓடுகிற மெஷின் தகுதியில்லை! கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பள்ளி வேலைக்கு லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டோம், மைன்கிராஃப்டும் கவுன்ட்டர் ஸ்டிரைக்கும் அதில் ஓடுகின்றன. ஃபோர்ட்நைட் லினக்ஸில் ஓடாது. இதற்காகப் பையன் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நியூசிலாந்தின் 1993 நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், உதிரி பாகமும் ரிப்பேர் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. உடனேயே ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறது. "இதற்கு உதிரி பாகம் தர மாட்டோம்" என்று வாங்கும்போதே சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு கிடையாது. பசுமைக் கட்சியின் மரமா டேவிட்சன் கொண்டுவந்த மசோதா இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. மின்னணுச் சாமான்களை 2020-ல் 'முன்னுரிமைப் பொருள்' என்று அறிவித்த நாடு இது, அதாவது குப்பையாவதற்கு முன்பே பொறுப்பு யாருடையது என்று கேட்க வேண்டிய பொருள். இந்தியாவில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று அரசு ஒரு இணையதளமே தொடங்கியது. இங்கே தொகுதி எம்பி-க்கு நாம் கடிதம் எழுதுவதெல்லாம் விசா விஷயத்துக்கு மட்டும்தான். இதற்கும் ஒரு கடிதம் எழுதலாம், தப்பில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். லேப்டாப்பைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருந்த அன்று டீ குடிக்க வந்தார். கொழும்பில் யூனிட்டி பிளாசாவில் கம்ப்யூட்டர் வாங்கிய கதையெல்லாம் சொன்னார். பிறகு என் பையனைப் பார்த்து, "தம்பி, கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடினது. உங்கட அப்பா இதைத் திறந்ததே பெரிய விசயமோ?" என்று சிரித்தார்.

பையன் டைனமோ என்றால் என்ன என்று கேட்டான். அவர் சொல்லத் தொடங்கினார், அரை மணி நேரம் போனது. நான் குறுக்கே பேசவில்லை. எங்கள் அப்பா மிக்ஸியின் கார்பன் பிரஷ்ஷை மாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் பையன் பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் எதுவும் திறக்கப்படுவதைப் பார்த்ததில்லை, தூக்கிப் போடப்படுவதைத்தான் பார்த்திருக்கிறான். இங்கே கூலி அதிகம். ரிப்பேர்க்காரரின் ஒரு மணி நேரத்துக்குப் புது டோஸ்டர் வந்துவிடும். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் பையனுக்கு வர வேண்டிய கைப்பழக்கத்தின் விலை சேரவில்லை.

அதனால், அடுத்த முறை பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகும்போது, எத்தனை ஜிபி என்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். பின்பக்க மூடி சாதாரண ஸ்க்ரூவில் திறக்குமா? ரேமும் எஸ்எஸ்டியும் கழற்றுகிற வகையா? ஃபேனும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா? புராசசர் ஒட்டினதுதான், அதை விடுங்கள். சில மாடல்களில் மெமரியையே புராசசரோடு சேர்த்து வைத்து வருகிறது, அதனால் பெட்டியில் போட்ட எண்ணை நம்பாமல் மாடலைத் தேடிப் பாருங்கள். தனியாகத் திறக்கப் பயமாக இருந்தால், ஆக்லாந்தில் பல புறநகர்களில் 'ரிப்பேர் கஃபே' நடக்கிறது. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய வழக்கம். தன்னார்வலர்கள் கூட உட்கார்ந்து திறந்து காட்டுவார்கள். நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹால் எடுக்கிறோம், வருஷத்தில் ஒரு மதியம் இதற்கும் எடுத்தால் என்ன? ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொழில் பழகியவர்கள் இந்த ஊரில் ஐடி வேலை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும்.

போன வாரம் பையன் ஸ்கூல் நண்பன் ஒருவனைக் கூட்டி வந்தான், சமோவா பையன், கையில் கத்துகிற லேப்டாப். நான் எழுந்து போவதற்குள் என் பையனே அதைத் தலைகீழாகத் திருப்பி, விரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "பேட்டரி வீங்கலை, திறக்கலாம்" என்றான். ஸ்க்ரூ போட்டு வைக்க அம்மா கொண்டுவந்த அந்த முறுக்கு டப்பாவைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனான். டப்பாவில் இன்னும் நாலு முறுக்கு இருந்தது. அதை முதலில் சாப்பிட்டார்கள்.